தீ வைத்தால் தீருமா? புது வண்டி வாங்கியவர்கள் படும் பாடு

ஆம்பூர் புறவழிச் சாலை. 2022-ம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசி.

சாலை ஓரத்தில் ஒரு மின்சார ஸ்கூட்டர் நின்றுகொண்டு இருந்தது. பழைய வண்டி அல்ல. வாங்கிச் சில மாதங்களே ஆன வண்டி. விலை ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல்.

அதன் சொந்தக்காரர் அந்த வண்டியின் மீது பெட்ரோலை ஊற்றினார். தீ வைத்தார். வண்டி கொழுந்து விட்டு எரிந்தது.

பெட்ரோல் செலவே வேண்டாம் என்று வாங்கிய வண்டி அது. கடைசியில் பெட்ரோல் ஊற்றித்தான் அதை எரித்தார்கள்!

என்ன காரணம்? வண்டி வழியில் நின்றுவிட்டது. அவர் கம்பெனிக்கு டெலிபோன் செய்தார். எதிர்பார்த்த உதவி உடனே வரவில்லை. பொறுமை போய்விட்டது. அருகில் இருந்தவர்கள் அந்தக் காட்சியைச் செல்போனில் படம் பிடித்தார்கள். அன்றே நாடு முழுவதும் அதைப் பார்த்தது.

பார்த்தவர்களில் பலர் "ஐயோ பாவம், பணம் போயிற்றே" என்றார்கள். இன்னும் பலர் "எங்களுக்கும் இதே கதிதான்" என்றார்கள்.

இரண்டாவது பேச்சுதான் கவனிக்க வேண்டியது. ஒருவர் கோபத்தில் வண்டியை எரித்தால் அது ஒரு நாள் செய்தி. ஆயிரம் பேர் அவருடைய கோபம் நியாயம் என்று நினைத்தால், அது நாட்டில் உள்ள ஒரு நோய்.

மலைக்கு ஏறும் வண்டி

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரம் தோலுக்கும் செருப்புக்கும் பெயர் பெற்றது. இங்குள்ள தொழிற்சாலைகளில் தயாராகும் பூட்சுகள் கப்பல் ஏறி வெளிநாடு போகின்றன. அந்தத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் ஆண்களும் பெண்களும் சுற்று வட்டாரக் கிராமங்களில் இருந்து வருகிறார்கள். வேலைக்கு மணி அடிக்கும் முன்பு போய்ச் சேர வேண்டும். பஸ்சை நம்பி இருக்க முடியாதவர்களுக்கு இரு சக்கர வண்டிதான் துணை.

ஆம்பூர் இருக்கும் திருப்பத்தூர் மாவட்டத்தில்தான் ஏலகிரி மலையும் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 3,500 அடிக்கும் அதிகமான உயரம். மலை மேல் சிறு சிறு கிராமங்கள். கீழே பொன்னேரியில் இருந்து மேலே போகும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். அந்த வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களை வைத்து இருக்கிறார்கள்.

சுற்றுலா வருகிறவர்களுக்கு அந்த வளைவுகள் அழகு. அங்கேயே குடி இருப்பவர்களுக்கு அது தினசரிப் பாதை. ஜோலார்பேட்டை ரெயில் நிலையத்துக்குப் போக இறங்கித்தான் ஆக வேண்டும்.

மலைப் பாதையில் இறங்கும்போது பிரேக் ஓயாமல் வேலை செய்கிறது. சூடு ஏறுகிறது. கட்டை தேய்கிறது. சமவெளியில் ஓடும் வண்டிக்கு "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று ஒரு மெக்கானிக் சொன்னால் அது தாமதம். மலையில் இறங்கும் வண்டிக்கு அதையே சொன்னால் அது ஆபத்து.

ஆகவே "சர்வீஸ் சரியில்லை" என்பது சொகுசுக்காரர்களின் முணுமுணுப்பு அல்ல. உயிரோடும் பிழைப்போடும் சம்பந்தப்பட்ட விஷயம்.

இன்னொன்றும் உண்டு. பெரும்பாலான குடும்பங்கள் ரொக்கம் கொடுத்து வண்டி வாங்குவது இல்லை. தவணைக்கு வாங்குகின்றன. வண்டி பழுதாகி ஷெட்டில் நின்றாலும் தவணை நிற்காது. மாதம் பிறந்தால் கட்ட வேண்டும். ஓடாத வண்டிக்குத் தவணையும் கட்டி, வேலைக்குப் போக ஆட்டோவுக்கும் பணம் கொடுக்கும் குடும்பத்தின் வயிற்றெரிச்சலை எந்தக் கம்பெனியும் கணக்கில் எழுதுவது இல்லை.

வாங்கும் வரை ராஜா

"ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ, நான் யாரோ" என்பார்கள். வண்டி வியாபாரத்தில் அந்த ஆறு எது? பணம் கட்டும் மேஜைதான்.

பணம் கட்டும் வரை வாடிக்கைக்காரர் ராஜா. நாற்காலி வரும். காபி வரும். சாவி கொடுக்கும்போது மாலை போட்டுப் படம் எடுப்பார்கள்.

முதல் சர்வீசுக்குப் போனால், வரிசையில் நிற்கச் சொல்வார்கள். சொன்ன குறையை எழுதிக்கொள்ள மாட்டார்கள். எழுதினாலும் பார்க்க மாட்டார்கள். "உதிரிபாகம் வரவில்லை" என்பார்கள். "எப்போது வரும்?" என்று கேட்டால், "கம்பெனியைக் கேளுங்கள்" என்பார்கள். கம்பெனியைக் கேட்டால், "ஏஜெண்டைக் கேளுங்கள்" என்று பதில் வரும். எல்லா இடமும் இப்படி அல்ல. நன்றாக நடத்தும் கடைகளும் உண்டு. ஆனால் மேலே சொன்னதை அனுபவிக்காத குடும்பம் ஊருக்குள் அபூர்வம்.

ஏன் இப்படி நடக்கிறது?

முதல் காரணம், லாபம். விற்ற அன்றே விற்பனை லாபம் கைக்கு வந்துவிடுகிறது. வாரண்டி காலத்தில் பழுது பார்ப்பது அப்படி அல்ல. வாடிக்கைக்காரரிடம் காசு வாங்க முடியாது. கம்பெனியிடம் கணக்கு அனுப்பி, அது கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே கடை முதலாளியின் கவனம் விற்கும் பக்கமே சாய்கிறது.

இரண்டாவது காரணம், ஆள் பற்றாக்குறை. ஒரு பண்டிகை மாதத்தில் வண்டிகளை இரண்டு மடங்கு விற்றுவிடலாம். தேர்ந்த மெக்கானிக்கை ஒரு மாதத்தில் உண்டாக்க முடியாது.

மூன்றாவது காரணம் புதியது. அதுதான் இன்று பெரிதாகி வருகிறது. பழைய மோட்டார் சைக்கிள் பழுதானால் பஜாரில் உள்ள மெக்கானிக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போகலாம். அவர் திருகைக் கழற்றிச் சரி செய்துவிடுவார். ஏஜெண்டு கைவிட்டாலும் பஜார் கைவிடாது. மின்சார வண்டி அப்படி அல்ல. அது பாதி வண்டி, பாதி கம்ப்யூட்டர். பேட்டரியையும் மோட்டாரையும் ஆட்டி வைக்கும் மூளையைக் கம்பெனியின் ஆட்கள்தான் திறக்க முடியும். கம்பெனி வரவில்லை என்றால் வேறு கதி இல்லை.

1970-களில் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக் கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. அன்று வண்டி கிடைப்பது கஷ்டம். கிடைத்த வண்டியைப் பழுது பார்ப்பது சுலபம். இன்று வண்டி வாங்குவது சுலபம். பழுது பார்ப்பது கஷ்டம். காத்திருப்பு போகவில்லை, இடம்தான் மாறி இருக்கிறது.

499 ரூபாயும் ஒரு லட்சம் பேரும்

ஆம்பூரில் எரிந்தது ஓலா எலெக்ட்ரிக் கம்பெனியின் வண்டி. அதைத் தயாரிக்கும் பெரிய தொழிற்சாலை வெகு தூரத்தில் இல்லை. அடுத்த மாவட்டமான கிருஷ்ணகிரியில், போச்சம்பள்ளி அருகே இருக்கிறது.

2021 ஜூலையில் அந்தக் கம்பெனி முன்பதிவு தொடங்கியது. 499 ரூபாய் கட்டினால் போதும். 24 மணி நேரத்தில் ஒரு லட்சம் பேர் பதிவு செய்தார்கள். ஆகஸ்ட்டு 15-ந் தேதி வண்டி அறிமுகம் ஆயிற்று. டிசம்பர் மாதம் வண்டிகள் வாங்கியவர்கள் கைக்கு வரத் தொடங்கின.

இதில் ஒரு புதுமை உண்டு. மற்றக் கம்பெனிகளைப் போல ஊருக்கு ஊர் ஏஜெண்டு வைக்காமல், கம்பெனியே நேரடியாக விற்றது. செல்போனிலேயே வாங்கலாம். வண்டி வீட்டுக்கு வரும். பழுதானாலும் ஆள் வீட்டுக்கு வருவார் என்றார்கள்.

கேட்க இனிப்பாக இருந்தது. ஆனால் முகம் தெரிந்த கடைக்காரர் இருந்தால், அவர் கடை வாசலில் போய் நிற்கலாம். நாலு பேர் முன்னிலையில் நியாயம் கேட்கலாம். டெலிபோனின் மறுமுனையில் இருக்கும் குரலிடம் எப்படிப் போய் நிற்பது?

ஆம்பூர் சம்பவத்துக்குச் சில நாள் முன்புதான் மராட்டிய மாநிலம் பீட் மாவட்டத்தில் இன்னொரு கூத்து நடந்தது. வாங்கிச் சில நாட்களிலேயே பழுதான அதே கம்பெனி ஸ்கூட்டரை ஒருவர் கழுதையில் கட்டி, பர்லி நகரில் ஊர்வலமாக இழுத்துச் சென்றார். இந்தக் கம்பெனியை நம்பாதீர்கள் என்று தட்டியும் வைத்தார்.

2024 செப்டம்பரில் நிலைமை முற்றியது. கர்நாடக மாநிலம் கலபுரகியில், புது வண்டி வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத வாலிபர், பழுதைச் சரி செய்து தரவில்லை என்ற ஆத்திரத்தில் கம்பெனியின் ஷோரூமுக்கே தீ வைத்தார். அங்கு இருந்த வண்டிகள் எரிந்தன. போலீசார் அவரைக் கைது செய்தார்கள்.

ஆம்பூரில் தீ சொந்த வண்டியோடு நின்றது. கலபுரகியில் கடைக்குப் பரவியது. கோபத்துக்கு வழி விடாவிட்டால் அது இப்படித்தான் வளரும்.

10,644 புகார்கள்

தீ வைத்தவர்களைப் பற்றித்தான் ஊர் பேசியது. தீ வைக்காமல் புகார் செய்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா?

2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட்டு வரை ஓர் ஆண்டில், தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்கு இந்தக் கம்பெனி மீது வந்த புகார்கள் 10,644. அவற்றில் 3,389 புகார்கள் சர்வீஸ் தாமதம் பற்றியவை. 1,899 புகார்கள் வண்டி கொடுப்பதில் தாமதம் பற்றியவை. சொன்னபடி சர்வீஸ் செய்து தரவில்லை என்பவை 1,459.

இந்தப் புகார்கள் வீண் போகவில்லை. 2024 அக்டோபர் 7-ந் தேதி, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கம்பெனிக்கு விளக்கம் கேட்டு நோட்டீசு அனுப்பியது. அன்று பங்கு மார்க்கெட்டில் கம்பெனியின் பங்கு விலை சரிந்தது. புகார்களில் 99.1 சதவீதத்தைத் தீர்த்துவிட்டதாகக் கம்பெனி அதே மாதம் பதில் சொன்னது. ஆணையம் அத்துடன் விடவில்லை. மேலும் விசாரிக்க உத்தரவிட்டது.

வியாபாரத்திலும் அடி விழுந்தது. 2024-ல் மின்சார ஸ்கூட்டர் விற்பனையில் முதலிடத்தில் இருந்தது ஓலா. 2025-ல் அந்த இடம் போய்விட்டது. ஓசூர் டி.வி.எஸ். கம்பெனியும் பஜாஜ் கம்பெனியும் அதை முந்திச் சென்றன. ஊர் ஊராகக் கடையும் ஏஜெண்டும் பட்டறையும் பல ஆண்டுகளாக வைத்திருந்த பழைய கம்பெனிகள் அவை. விலை, மாடல், போட்டி என்று வேறு காரணங்களும் உண்டு. என்றாலும், சர்வீஸ் கிடைக்காத வண்டிக்குச் சந்தையில் மரியாதை குறையும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியது இல்லை.

எரிந்த வண்டிகளை ஒரு வாரம் பார்த்துவிட்டு நாடு மறந்துவிட்டது. எழுதப்பட்ட 10,644 புகார்கள்தான் கம்பெனியைப் பதில் சொல்ல வைத்தன.

சட்டம் என்ன சொல்கிறது?

முன்பு கெட்டுப்போன பொருளை வாங்கி ஏமாந்தவர் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். ஆண்டுகள் ஓடும். 1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2019-ல் புதிய சட்டம் நிறைவேறியது. 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது.

புதிய சட்டத்தில் சாதாரணக் குடும்பங்களுக்குப் பெரிய நன்மை ஒன்று உண்டு. பழைய சட்டப்படி, கம்பெனியோ கடையோ இருக்கும் ஊரில், அல்லது தகராறு ஏற்பட்ட இடத்தில் வழக்குப் போட வேண்டும். இப்போது, வாங்கியவர் தாம் குடி இருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஏலகிரி மலையில் இருப்பவர் பெங்களூர்க் கம்பெனியைத் தேடிப் பெங்களூர் போக வேண்டியது இல்லை. கம்பெனிதான் மலை அடிவாரத்துக்கு வர வேண்டும்!

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரு சக்கர வண்டிகள் ஏறக்குறைய எல்லாமே இதில் அடங்கும். வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. தாமே வாதாடலாம். 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

வண்டியில் பழம், தேன், துணி ஏற்றி விற்றுப் பிழைப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். "நாம் வியாபாரத்துக்கு வாங்கினோமே, நம்மை நுகர்வோர் என்று ஒப்புக்கொள்வார்களா?" என்று நினைப்பார்கள். தன் சொந்த உழைப்பால் பிழைப்பு நடத்த வாங்கிய வண்டி என்றால், அவரும் நுகர்வோரே என்று சட்டம் சொல்கிறது.

சரி, யார் மீது வழக்குப் போடுவது? ஏஜெண்டு மீதா, கம்பெனி மீதா?

2004-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கோளாறான காரைப் புதிது என்று விற்ற வழக்கு அது. விற்றவரும் தயாரித்தவரும், இருவருமே பொறுப்பு என்று கோர்ட்டு கூறியது. ஆனால் 2021-ல் கோவாவைச் சேர்ந்த மற்றொரு வழக்கில் வேறு விதமாக முடிவு ஆயிற்று. அங்கே ஏஜெண்டு பழைய மாடல் காரைப் புதிய மாடல் போல விற்றுவிட்டார். அந்த மோசடியில் கம்பெனிக்குப் பங்கு உண்டு என்று நிரூபிக்கப்படாததால், கம்பெனியைப் பொறுப்பாக்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது.

இதன் பொருள் என்ன? இரண்டு பேரையும் வழக்கில் சேர்க்க வேண்டும். யார் எந்தத் தப்பைச் செய்தார் என்று தனித்தனியாக எழுத வேண்டும். வண்டியே கோளாறா, கடைக்காரரின் அலட்சியமா என்பது தெளிவாக வேண்டும்.

ஆணையம் தீர்ப்புச் சொன்னபடி நடக்காவிட்டால், ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனையோ, 25 ஆயிரம் முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டும் சேர்த்தோ விதிக்கலாம்.

குறையும் இல்லாமல் இல்லை. சாதாரண வழக்கை 3 மாதத்திலும், பொருளைச் சோதனைக்கு அனுப்பும் வழக்கை 5 மாதத்திலும் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதற்கு மேலும் இழுப்பது உண்டு. அந்தத் தாமதத்தைத்தான் மோசமான வியாபாரிகள் நம்பி இருக்கிறார்கள். "யார் கோர்ட்டுக்குப் போகப் போகிறார்கள்?" என்ற தைரியம் அது. ஆணையங்களில் காலியிடம் இல்லாமல் பார்த்துக்கொள்வது அரசாங்கத்தின் கடமை.

காகிதம் பேசும்

வழக்கில் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் காகிதத்தில்தான் இருக்கிறது.

வண்டியைச் சர்வீசுக்கு விடும்போது ஜாப் கார்டு போடுவார்கள். அதில் "ஜெனரல் சர்வீஸ்" என்று மட்டும் எழுதினால் ஒப்புக்கொள்ளக் கூடாது. "இறக்கத்தில் முன் பிரேக் பிடிக்கவில்லை" என்றால், அதை அப்படியே எழுதச் சொல்ல வேண்டும். தேதியும், வண்டி ஓடிய கிலோமீட்டரும் இருக்க வேண்டும். ஒரு நகல் கைக்கு வர வேண்டும். ஒரே குறைக்கு மூன்று முறை வண்டியை விட்டதாக மூன்று ஜாப் கார்டு இருந்தால், அதுவே பலமான சாட்சி.

டெலிபோனில் பேசியது காற்றில் போகும். பேசியதை அன்றே கடிதமாகவோ, வாட்ஸ்அப் செய்தியாகவோ அனுப்பி வைத்தால் அது நிற்கும். கடிதத்தை ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

அதிலும் பலன் இல்லை என்றால், 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி மையம் அதுதான். தமிழிலும் பேசலாம். மேலே சொன்ன 10,644 புகார்களும் அங்கே சேர்ந்தவைதான். அதற்கு மேலும் தீராவிட்டால் மாவட்ட ஆணையம் இருக்கிறது.

வாங்கும் முன்பு செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. விலையையும் மைலேஜையும் விசாரிக்கும் குடும்பங்கள், "பழுதானால் எங்கே கொண்டுபோவது?" என்பதையும் விசாரிக்க வேண்டும். அதே வண்டியை ஓர் ஆண்டாக ஓட்டும் நாலு பேரிடம் கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

கம்பெனிகளுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. தமிழ்நாடு மோட்டார் சைக்கிளுக்குப் புதிது அல்ல. 1955-ல் சென்னையில் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தயாரிப்புத் தொடங்கியது. இன்று ஓசூரிலும், ஒரகடத்திலும், போச்சம்பள்ளியிலும் லட்சக் கணக்கில் வண்டிகள் உருவாகின்றன. இத்தனை வண்டி செய்யத் தெரிந்தவர்களுக்கு, அவற்றைப் பழுது பார்க்க ஆள் வைக்கத் தெரியாதா? பட்டறை திறந்த பிறகு ஷோரூம் திறப்பதுதான் முறை.

மிஞ்சியது என்ன?

ஆம்பூர்ச் சாலைக்குத் திரும்புவோம். தீ அணைந்த பிறகு அங்கே மிஞ்சியது எரிந்த இரும்புக் கூடு மட்டுமே.

ஒரு நிபுணரைக் கொண்டு வண்டியைச் சோதிக்கச் சொல்ல ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பேட்டரியில் கோளாறா, மோட்டாரில் கோளாறா என்று அவர் பார்த்துச் சொல்லி இருக்கலாம். எரிந்த வண்டியில் அவர் எதைப் பார்ப்பார்? வண்டியோடு சாட்சியும் எரிந்து போகிறது. அது கம்பெனிக்குத்தான் லாபம்.

பொதுச் சாலையில் தீ வைப்பது மற்றவர்களுக்கும் ஆபத்து. அதற்கு ஒரு மாதம் முன்புதான் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த வேறொரு கம்பெனியின் மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, தந்தையும் மகளும் மூச்சுத் திணறி இறந்தார்கள். பேட்டரித் தீ எத்தனை கொடியது என்பதை இந்த வட்டாரம் கண்ணால் கண்டிருக்கிறது.

கோபம் நியாயமானது. ரத்தம் சிந்திச் சம்பாதித்த காசு அது. ஆனால் அந்தக் கோபத்தைக் காட்டத் தீப்பெட்டியைத் தேட வேண்டாம். ஒரு பேனாவும், ஒரு தாளும், பத்திரமாக வைத்த ஜாப் கார்டும் போதும். ஏலகிரி மலையின் 14 வளைவுகளையும் பொறுமையாக இறங்கி வருகிறவர்களுக்கு, ஆணையத்தின் படிக்கட்டு ஏறுவது பெரிய காரியம் அல்ல.